பன்றிகள் விரிகுடாவில் வாடகைக்கு ஓர் அறை

கியூபாவின் தென்கரையில், கரீபியன் கடலை ஒட்டி, ப்ளாயா லார்கா என்றொரு சின்ன ஊர். நங்கூரத்தைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற நீலக்குறி ஒரு வீட்டுக் கதவில் இருந்தால், அங்கே வெளிநாட்டவருக்கு அறை கிடைக்கும் என்று அர்த்தம். இதற்குக் 'காசா பர்ட்டிகுலார்', அதாவது தனியார் வீடு என்று பெயர். பெரிய ஓட்டலுக்குக் காசில்லாத பயணிகளுக்கு இதுதான் புகலிடம். வீட்டுக்காரர் சமைத்த மீனும் சோறும் சாப்பிடலாம். சில வீடுகளில் பின்கதவைத் திறந்தால் கடற்கரை மணல்தான்!

இந்த மணலை உலகம் அறிந்தது வேறு காரணத்துக்காக. 1961 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்காவின் சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்த சுமார் 1,400 கியூப அகதிகள் காஸ்ட்ரோவைக் கவிழ்க்க இந்த விரிகுடாவில் வந்து இறங்கினார்கள். இறங்கிய இடங்களில் ப்ளாயா லார்காவும் ஒன்று. மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. (பன்றிகள் விரிகுடா என்கிறோம். ஆனால் 'கொச்சினோ' என்பது அங்கே ஒருவகைக் கிளாத்தி மீனுக்கும் பெயர்!) சுற்றிலும் ஸப்பாட்டா சதுப்புநிலம். கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஏழைகளின் பூமி அது.

அங்கே எப்படி விருந்தினர் விடுதிகள் வந்தன? 1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. கியூபாவின் சர்க்கரையை நல்ல விலைக்கு வாங்கி, பதிலுக்கு எண்ணெய் கொடுத்த நாடு அது. சில ஆண்டுகளில் கியூபாவின் உற்பத்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. மின்சாரம் இல்லை, பஸ் இல்லை, சாப்பாடும் போதவில்லை. 1993-ல் டாலர் வைத்திருப்பதை அரசு அனுமதித்தது. ஏற்கெனவே ரகசியமாக நடந்த அறை வாடகையை 1997-ல் சட்டபூர்வமாக்கியது.

சும்மா விட்டுவிடவில்லை. ஒவ்வொரு அறைக்கும் மாதா மாதம் வரி. ஆள் வந்தாலும் கட்ட வேண்டும், வராவிட்டாலும் கட்ட வேண்டும். தங்குபவரின் பாஸ்போர்ட் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆளில்லாத அறைக்கு வரி கட்டிய குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். தனியார் தொழில் கூடாது என்ற அரசு, தனியார் வீட்டுக் கட்டிலை நம்பி டாலர் சேர்த்தது!

இன்னொரு விசித்திரமும் உண்டு. சுற்றுலா ஓட்டல்களில் சாதாரணக் கியூபர்கள் காசு கொடுத்தாலும் தங்க முடியாது. 2008-ல் ராவுல் காஸ்ட்ரோ வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதன் பிறகும் பலருக்கு அந்த வாடகை எட்டாத தொகைதான்.

2015-ல் ஏர்பிஎன்பி கியூபாவுக்குள் வந்தது. அமெரிக்காவும் கியூபாவும் தூதரக உறவை மீண்டும் தொடங்கிய ஆண்டு அது. வீட்டுக்காரர்கள் நம்பிக்கையோடு கடன் வாங்கி அறை கட்டினார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். 2017 நவம்பரில் அமெரிக்கா காற்றைத் திருப்பியது. கியூப ராணுவத்தோடு தொடர்புள்ள ஓட்டல்களில் தன் குடிமக்கள் தங்கக் கூடாது என்றது. வீட்டு அறைகளுக்குத் தடையில்லை. 1961-ல் அமெரிக்கா அனுப்பிய படை இறங்கிய கரையில், அமெரிக்கர் சட்டப்படி தங்குவதற்கு ஏற்ற இடம் இப்போது கியூபக் குடும்பங்களின் வீடுதான்!

ஆனால் 2019 ஜூனில் பயணக் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. 2020-ல் கொரோனா வந்து விமானங்களே நின்றன. கடன் வாங்கிக் கட்டிய அறைகள் பூட்டியே கிடந்தன.