ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்

மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது சோழர் காலத்தை எதிர்பார்த்திருப்பார்கள். நான் எழுதுவதோ ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியைப் பற்றி. இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எத்தனையோ குழந்தைகளுக்கு, பிறந்த சில நாளிலேயே இமை வீங்கி, கண்ணிலிருந்து சீழ் கொட்டும். கருவிழி புண்ணாகிப் பார்வையே போய்விடும். பார்வையற்றோர் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் இப்படிக் கண் இழந்தவர்களே. முக்கிய காரணம், தாய்க்கு இருந்த கொனோரியா என்னும் வெட்டை நோய். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றிக்கொள்ளும். அந்தக் கிருமியை ஆல்பர்ட் நைஸர் 1879-ல்தான் கண்டறிந்தார்.

லைப்சிக் ஆஸ்பத்திரியின் தலைவர் கார்ல் கிரெடே. அங்கே நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள் அளவுக்கு இந்நோய் இருந்தது. மனுஷன் முதலில் மூலத்திலேயே அடைக்கப் பார்த்தார். குழாயில் எந்த இடத்தில் வால்வு வைப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நம்மவர்களும் அதைத்தான் செய்திருப்போம். தாய்மாரின் பிரசவப் பாதையை மருந்து நீரால் கழுவினார், நோய் நிற்கவில்லை. 1880-ல் குழந்தையின் கண்ணுக்கே வந்தார். நோயுள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் என்றில்லாமல், பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும். கண்ணைத் தண்ணீரால் துடைத்து, இமையைப் பிரித்து, கண்ணாடிக் குச்சியால் 2 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு. அவ்வளவுதான்! நோய் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

அந்த "எல்லாக் குழந்தைகளுக்கும்" என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உனக்கு அந்த நோய் உண்டா என்று எந்தத் தாயையும் கேட்க வேண்டியதில்லை. அவளும் புருஷனுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

சும்மா சொல்லக் கூடாது, மருந்தில் குறையும் இருந்தது. கண் எரிந்து ஓரிரு நாள் சிவந்திருக்கும். கிளமிடியா கிருமியிடம் அது எடுபடவில்லை. பின்னாளில் பல நாடுகளில் எரித்ரோமைசின் களிம்பு அதன் இடத்துக்கு வந்தது. 1995-ல் வெளியான கென்ய ஆய்வில், மலிவான போவிடோன் அயோடின் சொட்டும் நன்றாகவே வேலை செய்தது.

2015-ல் கனடாவின் குழந்தைநல மருத்துவர் சங்கம், எல்லாக் குழந்தைக்கும் களிம்பு வேண்டாம், கர்ப்பிணிகளைப் பரிசோதித்துக் குணப்படுத்துங்கள் என்றது. கிரெடே முதலில் தட்டிய கதவுதான்! அவரிடம் ஆன்டிபயாடிக் இல்லை, நம்மிடம் இருக்கிறது. ஆனால் ஒருமுறைகூட டாக்டரைப் பார்க்காமல் நேரே பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்குப் பரிசோதனை ஏது? அமெரிக்க நிபுணர் குழு 2019-ல், எல்லாக் குழந்தைக்கும் களிம்பு தொடரட்டும் என்றே சொன்னது.