பெயரும் பண்டமும்: பிலிப்பைன்ஸ் விருந்தின் வரலாறு

கி.பி. 1521ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பசியாலும் நோயாலும் நலிந்த மாலுமிகளோடு மகெல்லனின் கப்பல்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளின் கீழைக் கரையை அடைந்தன. ஓமொன்ஹோன் என்னும் சிறு தீவில் அவர்கள் இறங்கிய மறுநாள், ஒன்பது பேர் ஒரு படகில் வந்தனர். மீனும் வாழைப்பழமும் இரண்டு தேங்காயும் ஒரு சாடி நிறையக் கள்ளும் கொடுத்தனர். இன்னும் நான்கு நாளில் அரிசி கொண்டுவருவதாகச் சைகையால் உணர்த்திச் சென்று, சொன்னபடியே நான்காம் நாள் திரும்பி வந்தனர். உடன் சென்ற பிகஃபெட்டா என்னும் இத்தாலியர் இதனைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பின்னர் லிமாசாவா தீவின் அரசர் பன்றியிறைச்சியும் கள்ளும் அளித்தபோது, அன்று பெரிய வெள்ளி நோன்பு நாளாயிருந்தும் மறுக்க இயலாமல் உண்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். அந்நாட்டு விருந்தோம்பலைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சான்றுகளுள் இது குறிப்பிடத்தக்கது.

அந்தக் கள்ளுக்கு இன்று தூபா என்று பெயர். பாளையைச் சீவி இறக்கிய தூபாவைச் சில நாள் வைத்தால் புளித்துக் காடியாகும். காய்ச்சி வடித்தால் லம்பனோக் என்னும் கடுஞ்சாராயமாகும். தாயாபாஸ் முதலிய ஊர்களில் விருந்தினர்க்கு லம்பனோக் வழங்கும் முறை தனியழகுடையது. ஒருவர் ஊற்றுவார், ஒரே கிண்ணம் கைம்மாறி வட்டமாகச் சுற்றிவரும். இம்முறையைத் தாகாய் என்பர்.

காடியின் கதை இன்னும் சுவையானது. வெப்பநாட்டில் இறைச்சி விரைவிற் கெடும்; காடியும் உப்பும் இட்டுச் சமைத்தால் நாள் தாங்கும். இதனைத் தீவு மக்கள் தாமே கண்டறிந்திருந்தனர். பின் வந்த ஸ்பானியர், தம் நாட்டில் இறைச்சியை ஊறவைக்கும் முறையோடு இஃது ஒத்திருக்கக் கண்டு, அடோபோ என்று தம் சொல்லாலேயே அழைத்தனர். 1613இல் வெளிவந்த சான் புவெனவெந்துராவின் தகாலோக் அகராதி இதனை ‘நாட்டு மக்களின் அடோபோ’ என்றே குறிக்கிறது. பெயர் நிலைத்தது, பழைய பெயர் எதுவாயிருந்ததோ, அது மறைந்தது. பெயரை மட்டும் பார்த்து, இது ஸ்பெயின் தந்த உணவு என்று எழுதியோர் பலர். சீனர் கொணர்ந்த சோயாச் சாறு பின்னரே இதிற் சேர்ந்தது. அது சேராத வெள்ளை அடோபோ இன்றும் உண்டு. 2021இல் அந்நாட்டு வணிக அமைச்சு அடோபோவுக்குத் தரநிலை வகுக்க முற்பட்டபோது, வீட்டுக்கு வீடு வேறுபடும் கறிக்கு அரசு எவ்வாறு அளவு சொல்லலாம் என்று மக்கள் எதிர்த்தனர். அஃது எவரையும் கட்டுப்படுத்தாது என்று அமைச்சு விளக்கம் தர நேர்ந்தது.

சீனரின் பங்கைச் சுருக்கமாகவே சொல்லலாம். மணிலாவின் பரியான் என்னும் சீனர் பகுதியிலிருந்து பரவிய பான்சித் என்னும் மீ, நமக்குத் தெரிந்த பொப்பியாவின் உறவாகிய லும்பியா ஆகிய இரண்டும் ஹொக்கியன் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஆயினும் ஸ்பானியர் ஆட்சியிற் சீனர் கடைகளில் விற்ற வறுத்த சோற்றுக்கு ‘மொரிஸ்கெட்டா தொஸ்தாதா’ என்று ஸ்பானியப் பெயர் சூட்டப்பட்டது. பெயர் ஒருவருடையது, பண்டம் மற்றொருவருடையது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. உணவு வரலாற்றறிஞர் டோரின் பெர்னாண்டஸ் (1934–2002) தம் கட்டுரைகளில், வந்த உணவை மக்கள் எவ்வாறு தம் நாவுக்கேற்ப மாற்றிக்கொண்டனர் என்பதையே பெரிதும் ஆராய்ந்தார்.

1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியப் பெருங்கப்பல்கள் ஓடின. மிளகாய், தக்காளி, சோளம், நிலக்கடலை, கொக்கோ ஆகியவை அவ்வழியே வந்தன. எதிர்த்திசையில் தூபா சென்றது. கப்பலில் வேலை செய்து மெக்சிகோவில் தங்கிவிட்ட தீவு மக்கள் அங்கும் கள் இறக்கிச் சாராயம் காய்ச்சினர். இதனால் ஸ்பெயினின் திராட்சை மது விலைபோகாது என்று 1619இல் செபாஸ்தியன் டி பினேடா எச்சரித்தார். மெக்சிகோவின் கொலிமா மாநிலத்தில் இன்றும் தூபா அதே பெயரில் விற்கப்படுகிறது.

தமிழர் செவிக்கு இரண்டு பெயர்கள் உடனே படும். ஒன்று பூத்தோ என்னும் அரிசிப் பலகாரம். கிறிஸ்துமசுக்கு முன் விடியற்காலை வழிபாடு முடிந்து வருவோர்க்கு, மூங்கிற் குழாயில் அவித்த ஊதாநிறப் பூத்தோ பும்போங்கும் இஞ்சிச் சாறாகிய சலபாத்தும் தேவாலய வாயிலில் விற்கப்படும். மலாய்ப் புத்துவோடும் நம் பிட்டோடும் அதற்குச் சொல்லுறவு இருக்கக்கூடும். அறிஞர் இன்னும் முடிவு செய்யவில்லை.

மற்றொன்று காரே காரே. 1762இல் ஆங்கிலேயர் மணிலாவைக் கைப்பற்றியபோது சென்னையிலிருந்து சிப்பாய்களை அழைத்துச் சென்றனர். 1764இல் படை திரும்பியபோது சிலர் கைந்தா என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அவர்களின் கறியே காரே காரே ஆயிற்று என்பது வழக்கிலுள்ள கதை. பம்பாங்கா மாநிலத்தார் தம்முடையதே என்பர்.

‘ஒலி ஒத்தது, ஆகவே நம்முடையது’ என்னும் வாதத்தை மாணவர் கட்டுரைகளில் நான் எத்தனையோ முறை சிவப்பு மையாற் கோடிட்டிருக்கிறேன். அடோபோவை ஸ்பெயினுக்குக் கொடுத்தோர் செய்ததும் இதுவே. கைந்தாவில் தென்னிந்தியர் வாழ்ந்தது வரலாறு. கறி என்பது தமிழ்ச் சொல் என்பதும் உறுதி. ஆனால் காரே காரேயின் கலத்தைப் பாருங்கள். குழம்பைத் தடிப்பாக்கும் நிலக்கடலையும், செந்நிறம் தரும் அச்சுவேத்தே விதையும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. வாழைப்பூவும் பயற்றங்காயும் மாட்டுவாலும் அத்தீவிலேயே கிடைப்பவை. மல்லியும் சீரகமும் அதில் இல்லை. உப்புச் சுவைக்கு, நம் சிஞ்சாலோக்கை ஒத்த பகோவோங் என்னும் கூனிறால் ஊறலைத் தனிக்கிண்ணத்தில் வைப்பர். அது மேசைக்கு வரும்வரை விருந்தினர் கரண்டியை எடுப்பதில்லை.