இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்: குறைந்த சுழற்சியில் கியர் மாறுதல்

இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ் கொண்ட கார்களை 'டி' நிலையில் நிதானமாக ஓட்டினால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியைத் தொடும் முன்பே அடுத்த கியர் விழுந்துவிடும். வேகம் குறையும்போதும் கீழ்க் கியருக்கு இறங்காமல் தாமதிக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பழுதென்று எண்ணிப் பணிமனைக்குப் போவதுண்டு. பழுதன்று, கணினிக்கு எழுதப்பட்ட நடத்தையே இது.

இவ்வகைக் கியர்பாக்ஸின் தந்தை பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ். ரஷ்யாவில் இரண்டாம் நிக்கோலஸ் மன்னரின் கார்களைப் பராமரித்தவர். அங்குள்ள பனியில் கார் ஓடுவதற்காகப் பின்சக்கரங்களுக்குப் பதில் ரப்பர் பட்டைகளைப் பொருத்தினார். 1917 புரட்சிக்குப் பின் தாயகம் திரும்பி சித்ரோயனில் சேர்ந்தார். 1924-25இல் ஆப்பிரிக்காவைக் கடந்த அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பயணத்தில் ஓடியவை அவருடைய பட்டை வண்டிகளே. ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று என்ற யோசனையை 1939 வாக்கில் அவர் முன்வைத்தார். போர் குறுக்கிட்டது. 1943இல் அவர் மறைந்தார்; யோசனை உறங்கியது. அதை எழுப்பியது பந்தயக்களம். 1980களில் போர்ஷே தன் 956, 962 கார்களில் சோதித்தது. பாரம் அதிகம் என்று ஓட்டுநர்கள் முணுமுணுத்தாலும், 1986இல் மொன்சா பந்தயத்தை ஹான்ஸ் ஸ்டக், டெரெக் பெல் இணை இந்தக் கியர்பாக்ஸோடுதான் வென்றது. விற்பனைக் காரில் வந்தது 2003இல், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32இல்.

மூன்றாம் கியரில் கார் ஓடும்போதே நான்காம் கியர் மறுதண்டில் பொருந்திக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுபடுவதில்லை. கணினியின் ஊகம் சரியாக இருக்கும்வரைதான் இந்தச் சாமர்த்தியம். வேகத்தடையை நெருங்கும் கார் இரண்டாம் கியருக்கு இறங்குகிறது. ஓட்டுநர் நிற்கப்போகிறார் என்று கருதி கணினி முதல் கியரைத் தயார் செய்கிறது. ஓட்டுநரோ நிற்காமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். இப்போது முதல் கியரை விடுவித்து மூன்றாவதைப் பொருத்த வேண்டும். அந்த நொடிப்பொழுதில் கார் தயங்குகிறது. ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்குவதும் இப்படித்தான்: இரண்டும் ஒரே கிளட்சைச் சேர்ந்தவை, இடையில் ஓர் ஒற்றைப்படைக் கியரைத் தொட்டே ஆக வேண்டும்.

சீக்கிரமே மேல்கியருக்குப் போவதற்குக் காரணம் எரிபொருள் சோதனை. ஐரோப்பாவின் பழைய சோதனைமுறையில், கையால் கியர் மாற்றும் கார் மணிக்கு 15 கி.மீ.யில் இரண்டாவதுக்கும் 35இல் மூன்றாவதுக்கும் மாற வேண்டும் என்று விதி இருந்தது. தானியங்கிக்கு அந்தக் கட்டு இருக்கவில்லை; எரிபொருளை மிச்சப்படுத்த இன்னும் சீக்கிரமே மேல்கியருக்குப் போகும்படி கணினிக்கு எழுத முடிந்தது. டர்போ எஞ்சின்களும் இதற்குத் தோதாயின: இந்தியாவில் 2013இல் வந்த போலோ ஜிடியின் 1.2 லிட்டர் எஞ்சின் 1,500 சுழற்சியிலேயே 175 நியூட்டன் மீட்டர் முழு முறுக்குவிசையைத் தந்துவிடும். இவ்வளவு தாழ்வில் எழும் அதிர்வை இரட்டை நிறைச் சமன்சக்கரம் (ஃப்ளைவீல்) விழுங்கிக்கொள்ளும். மேட்டில் உறுமல் கேட்டால் 'எஸ்' (ஸ்போர்ட்) நிலைக்கு மாற்றினால் போதும். கணினி கீழ்க் கியரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உண்மையான கேடு நெரிசலில் ஊர்ந்து செல்வதுதான். வழக்கமான தானியங்கியில் எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இதில் இல்லாததால் கிளட்ச் உரசியபடியே காரை நகர்த்துகிறது. எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் சூட்டைத் தாங்கும். உலர் கிளட்ச் நடுங்கத் தொடங்கும். ஃபோர்டின் உலர் கிளட்ச் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. நடுக்கத்துக்கு வாடிக்கையாளர் ஓட்டும் முறையே காரணம் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013 முதல் இரட்டைக் கிளட்ச் இருந்தது. 2017இல் டார்க் கன்வெர்ட்டர் அந்த இடத்துக்கு வந்தது.

தற்போது சில ஹைபிரிட் கார்களில் ஊர்ந்து நகரும் வேலையை மின்மோட்டார் ஏற்றுக்கொண்டுள்ளது. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் ஒரே விகிதம்தான்.