கோட்டையும் புறக்கோட்டையும்

பதுளையிலிருந்து இறங்கும் ரயில் நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன், நாவலப்பிட்டி எல்லாம் தாண்டிக் கொழும்பில் போய் நிற்கும் நிலையத்துக்கு மலையகத்தார் நாவில் 'கோட்டை' என்றே பெயர். அந்தப் பெயரை 'ஃபோர்ட்' என்ற ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம் என்று சொல்லித் திரிவது இப்போது வழக்கமாகிவிட்டது. போர்த்துக்கீசர் மதில் எழுப்பிய பிறகுதான் கொழும்பு மண்ணில் கோட்டை என்ற சொல்லே முளைத்தது என்று ஒருபடி மேலே போவாரும் உண்டு. இரண்டும் ஆதாரமற்ற கூற்றுகள். கப்பலில் வந்தவர் எவரும் இச்சொல்லைக் கொண்டுவரவில்லை. அவர்கள் வந்தபோது அது இங்கே ஓர் அரசின் பெயராகவே இருந்தது.

14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க நிஸ்ஸங்க அழகக்கோனார், கொழும்புக்குத் தென்கிழக்கே தியவன்னா ஓயாவின் சதுப்பு சூழ்ந்த தாருகமவில் அரண் எழுப்பினார். ஏட்டில் அதற்கு ஜயவர்தனபுர என்று பெயர். மக்கள் வாயில் கோட்டே. 1505இல் கரையேறிய போர்த்துக்கீசர் அந்த அரசைக் 'கோட்டா' என்றே எழுதினர். தாம் கொண்டுவந்த சொல்லாயின் அதை அயலார் நாட்டுக்குப் பெயராகச் சூட்டுவானேன்? அவர்கள் மொழியில் அரணுக்கு வேறு சொல் இருந்தது. கோட்டேயின் உட்பகுதி எத்துல் கோட்டே, வெளிப்பகுதி பிட்ட கோட்டே. இதே இணை கடற்கரையிலும் உண்டு: சிங்களத்தில் கொட்டுவ, பிட்டகொட்டுவ, தமிழில் கோட்டை, புறக்கோட்டை. ஆங்கிலமோ உள்ளே 'ஃபோர்ட்' என்றும் வெளியே 'பெட்டா' என்றும் பிரிந்து போகிறது. இந்தப் பெட்டா வேறொன்றுமில்லை, சைதாப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் உள்ள நம் பேட்டைதான். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழர் பெயரிட்டிருந்தால் கொழும்புச் சந்தைக்குப் பேட்டை என்றல்லவா பெயர் நின்றிருக்கும்? ஆங்கிலேயர் நம் பேட்டையை எடுத்துக்கொண்டார்கள். நாம் புறக்கோட்டையை விடவில்லை. மொழிபெயர்ப்பு வாதம் இந்த ஓரிடத்திலேயே முறிந்துவிடுகிறது.

பிட்டகொட்டுவவைப் பார்த்துத் தமிழர் புறக்கோட்டை என்றனர் எனச் சிலர் கூறலாம். அப்படியே ஆயினும் ஆங்கிலத்துக்கு அதில் பங்கில்லை. மதிலுக்கு வெளியே உள்ள இருப்பிடத்தைப் புறம் சேர்த்துச் சொல்வது தமிழில் பழைய வார்ப்பு. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையுமுன் தங்கிய கதையைச் சொல்லும் சிலப்பதிகாரக் காதையின் பெயரே புறஞ்சேரி இறுத்த காதை. மேலும், கோட்டே என்ற சிங்கள வடிவத்தில் நெடில் ஓகாரமும் இரட்டித்த டகரமும் அப்படியே இருக்கின்றன. ஈற்று ஐகாரம் மட்டும் ஏகாரமாயிற்று. பேச்சுத் தமிழிலும் தலை 'தலெ' ஆகிறது. கொட்டுவவில், சிங்கள எழுத்தின்படி, ஓகாரம் குறுகிற்று, டகரம் ஒற்றையாயிற்று. இரண்டும் ஒரு குடும்பமே எனினும் கோட்டே பிந்தி வந்தது, தமிழிலிருந்து நேரே வந்தது என்பது என் துணிபு.

வடமொழிப் பற்றாளர் எழுப்பும் தடை இன்னொன்று. சங்கப் பாடல்களில் எயிலும் மதிலும் இஞ்சியும் புரிசையும்தானே உள்ளன, தொல்காப்பியத்து உழிஞையும் மதிலைப் பற்றியதுதானே, வள்ளுவரும் அதிகாரத்துக்கு அரண் என்றுதானே பெயரிட்டார், ஆகவே கோட்டை வடமொழிக் 'கோட்ட' என்பதன் கடன் என்பர். ஒரு சொல் ஏட்டில் பிந்தி ஏறினால் அது அயற்சொல் ஆகிவிடுமா? கோடு என்பதற்கு வளைவு, மலையுச்சி, குளக்கரை என்றெல்லாம் பழந்தமிழில் பொருள் உண்டு. திருச்செங்கோட்டில் அது மலையாகவே நிற்கிறது. கோடுதல் வளைதல், அதன் பெயர் கோட்டம். வளைத்துச் சூழ்ந்த இடமும் கோட்டம்; சிலம்பில் கோயில் கோட்டம், தொண்டைமண்டலத்தில் நாட்டுப் பிரிவு 24 கோட்டங்கள். வளைத்துக் கட்டிய அரண் கோட்டையாவதற்கு இதைவிட நேரான வழி வேண்டுமா? வடமொழிக் 'கோட்ட' என்பதற்கு இவ்வளவு நேரான வழி காட்டுவது எளிதன்று. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் கோட்டைக்கு இடம் உண்டு.

இனிப் பொருளுக்கு வருவோம். துறைமுகத்துக்கும் காலிமுகத்திடலுக்கும் நடுவே கடலை நோக்கி நீண்ட நிலமுனையில் போர்த்துக்கீசர் மதில் கட்டினர். 1656இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் திருத்திக் கட்டினர். 1796இல் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடித்துத் தள்ளினர். இன்று அங்கே ஜனாதிபதி மாளிகையும், 1857இல் எழுந்த கலங்கரை விளக்க மணிக்கூண்டும், பழைய பாராளுமன்றக் கட்டடமும், வங்கிகளும் வானுயர்ந்த கோபுரங்களும் நிற்கின்றன. மதிலின் மிச்சம் துண்டு துண்டாகவே கிடைக்கும். ரயில் நிலையமோ பழைய மதில் எல்லைக்கு வெளியே, புறக்கோட்டையில் இருக்கிறது. கோட்டையில் இறங்குகிறவர் கால் வைப்பது ஒல்கொட் சிலையடியில், புறக்கோட்டை மண்ணில். அங்கிருந்து குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரம், செட்டியார் தெரு நகைக்கடைகள், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கொட்டாஞ்சேனை என்று தமிழ் கேட்கும் கொழும்பு வடக்கே களனி ஆற்றை நோக்கி விரிகிறது. பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வேலை தேடி வரும் பிள்ளைகள் அந்தக் கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் நிற்கிறார்கள். அவர்களின் பெற்றோர் பறித்த கொழுந்து தேயிலையாகி, 1883 முதல் ஏலம் நடக்கும் இதே நகரத்துக்கு இறங்கி வருகிறது.

பொருள் போன பின்னும் சொல் நிற்பது கொழும்பில் கோட்டைக்கு மட்டும் நேர்ந்ததன்று. கறுவாத்தோட்டத்தில் கறுவா இல்லை, மாளிகைகளும் தூதரகங்களும் இருக்கின்றன. வாழைத்தோட்டத்தில் வாழை இல்லை. தோட்டம் என்றால் தோட்டமாகவே இருக்கும் மலையகத்திலிருந்து போகிறவருக்கு இது விளங்க நாளாகும். கொம்பனித்தெருவில் ஒல்லாந்தக் கொம்பனியும் இல்லை.

1982இல் பாராளுமன்றம் தியவன்னா ஓயா நடுவே ஜெஃப்ரி பாவா வடித்த கட்டடத்துக்குப் போனது. அழகக்கோனாரின் அரணிருந்த ஊர் மீண்டும் தலைநகராயிற்று. அதன் பெயரைத் தமிழில் சிலர் 'கோட்டே' என்றும் சிலர் 'கோட்டை' என்றும் எழுதுகிறார்கள். கோட்டை என்றெழுதினால் கொழும்புக் கோட்டையோடு குழம்பும் என்பது முன்னவர் அச்சம். கொழும்புக் கோட்டை, ஜயவர்தனபுரக் கோட்டை என்று அடைமொழி சேர்த்தால் குழப்பத்துக்கு இடமேது? நம்மிடமிருந்து போன சொல் சிங்கள ஒலியோடு திரும்பி வரும்போது அதை அயற்பெயராக எழுதிவைப்பது பிழை. தலைநகரின் பெயர்ப்பலகையில் தமிழ் வரியில் கோட்டை என்றே இருக்க வேண்டும்.