பாமினியிலிருந்து யுனிகோடுக்கு: ஒரு பெயர்ப் பட்டியலின் கதை

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனக் கரையோர ஊர்கள் சிதைந்தன. கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறைக்கு வந்து சேர்ந்தோரிடம் கேட்டறிந்து, மாண்டோரின் பெயர்களை நான் கணினியில் பதிந்து வைத்தேன். அக்கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தது. அண்மையில் அதை யுனிகோடுக்கு மாற்ற முனைந்தேன்.

பாமினியில் உள்ளே இருப்பது தமிழன்று, ஆங்கில எழுத்துகளே. ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே சேமிக்கப்படும். எழுத்துருவை அகற்றினால் தமிழும் மறைந்துவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. இலங்கையிலோ பாமினியின் செல்வாக்கு நீடித்தது.

1991இல் வெளிவந்த யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் அதன் வரிசைமுறை வேறு. சம்மாந்துறையின் ‘றை’யைப் பாமினி, தட்டச்சுப்பொறியைப்போல, ஐகாரக் குறியை முன்னே வைத்துச் சேமிக்கும். யுனிகோடில் றகரம் முன்னே, குறி பின்னே. எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, இடமும் மாற்றவேண்டும். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதைச் செய்துகாட்டியதால், 2000களில் எத்தனையோ கோப்புகள் இணையமேறின.

கணினி நிரல்களைப் பெயர்த்தோரும் இதே இடரைச் சந்தித்தவர்களே. பழைய போர்ட்ரான் நிரல்களைச் சி மொழிக்கு மாற்றும் எப்-டு-சி கருவியை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தினர் 1990இல் அறிமுகப்படுத்தினர். போர்ட்ரான் அட்டவணையை நிரல்நிரலாகச் சேமிக்கும். சி வரிவரியாகச் சேமிக்கும். சொல்லை மாற்றி ஒழுங்கை மறந்தால் கணக்கே பிழைத்துவிடும். அவ்வொழுங்கு விதிக்கு உட்பட்டது. ஆகவே கருவிக்குக் கற்பித்துவிடலாம்.

விதிக்குள் அடங்காத ஒன்று என் பட்டியலில் இருந்தது. தலைப்பெழுத்துகளை நான் ஆங்கிலத்தில் இட்டிருந்தேன். எழுத்துரு விவரம் அழிந்த வெற்றுக்கோப்பில் எது ஆங்கிலம், எது பாமினி என்று கருவி எங்ஙனம் அறியும்? பாமினியில் ஆங்கிலப் பெரிய ‘எம்’, ‘ஆ’வுக்கு உரியது. ஆகவே முகம்மதுவைக் குறித்த ‘எம்’ எல்லாம் ‘ஆ’ என்று மாறின. பிழை இருப்பதாக எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஊராரை அறியாத ஒருவர் அதை அப்படியே நம்பியிருப்பார்.

பழைய அச்சுத்தாளை அருகில் வைத்து, ஒவ்வொரு பெயராகத் திருத்தினேன். பழைய கோப்பையும் அழிக்கவில்லை. பத்திரிகை நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: மாற்றிகளைத் தயங்காது பயன்படுத்துங்கள், மூலத்தைக் காத்து வையுங்கள், அம்மனிதர்களை அறிந்தவர்கள் இருக்கும்போதே சரிபாருங்கள். அடையாளம் காணப்படாமலே அடக்கப்பட்டோர் பலர். அவர்களுக்கு எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே.