அளவும் நிறையும்

அளவுப்பெயர், நிறைப்பெயர் எனத் தொல்காப்பியர் இரண்டாகப் பிரித்தார். அவற்றிற்கு முதலாகும் எழுத்துகள் ஒன்பது என்றும் வரையறுத்தார். முகந்தளப்பது வேறு, தூக்கி நிறுப்பது வேறு என்பதைப் பினாங்குக் கடைத்தெருவும் நன்கறியும்.

ஆழாக்கு இரண்டு உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி என்னும் கணக்கோடு கப்பலேறிய தமிழர், இங்கே மலாய் மக்களின் சுப்பாக்கையும் காந்தாங்கையும் கண்டனர். நான்கு சுப்பாக்கு ஒரு காந்தாங். ஆங்கிலேயர் அதனை ஒரு காலனுக்கு, அதாவது 4.546 லிட்டருக்கு, இணையாக்கினர். நிறுப்பதற்கோ 'கட்டி' வழங்கிற்று. அஃது ஏறத்தாழ 605 கிராம்.

ஒரு காந்தாங் அரிசி ஏறக்குறைய ஆறு கட்டி நிற்கும். அதே காந்தாங்கில் தளர இட்ட கோதுமை மாவு நான்கு கட்டியளவே தேறும். தவிட்டைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! அரிசியிலுங்கூடத் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் வேற்றுமை உண்டு. அவ்வேற்றுமை அளப்பவன் கையில் இருந்தது. வாங்குபவன் கையில் இல்லை. அன்றாடக் கூலியில் அரிசி வாங்கியவர்க்கு ஒரு பிடி என்பது ஒரு வேளைக் கஞ்சி.

1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் கடைகளில் கிலோகிராம் படிப்படியே நிலைபெற்றது. அடுக்களை மட்டும் அதற்கு முற்றும் இணங்கவில்லை. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்னும் இட்டலிக் கணக்கு முகத்தலளவையில் பிறந்தது; பாத்திரம் எதுவாயினும் அவ்விகிதம் மாறுவதில்லை.