கண்ணாடி மணியின் முன்மாதிரி: கல்லும் உலையும்

திறவுச்சொற்கள்: கண்ணாடி மணி, அரிக்கமேடு, கொடுமணல், இந்தோ-பசிபிக் மணி, பச்சைக்கல்

முன்னுரை

பண்டைக் கண்ணாடி மணிகளை, விலையுயர்ந்த கல்மணிகளுக்கு மாற்றாகச் செய்யப்பட்ட மலிவுப் பொருள்களாகக் கருதும் போக்கு அணிகலன் வரலாற்றில் நிலவுகிறது. இக்கருத்தின்படி, கண்ணாடிக் கைவினைஞருக்கு முன்மாதிரி கல்லே. அவர் படைத்தது போலியே. தென்னிந்தியச் சான்றுகள் இதனை ஓரளவே ஆதரிக்கின்றன. கல்லைப் பார்த்துச் செய்த மணிகளையும், உலைத்தொழிலிலிருந்தே வடிவம் பெற்ற மணிகளையும் பிரித்தறிதல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கல்லைப் பின்பற்றிய மணிகள்

ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் முதலியவற்றில் மணிகள் செய்யப்பட்டமைக்கான தடயங்கள் கிடைத்துள்ளன. பச்சைக்கல் இயற்கையிலேயே ஆறு பட்டைகளுடன் விளையும் படிகம். உருகிய கண்ணாடி தானாக அவ்வடிவம் கொள்வதில்லை. ஆகவே, தாய்லாந்தின் பான் டான் டா பெட் அகழாய்வில் கிடைத்த அறுபட்டைக் கண்ணாடி மணிகள் பச்சைக்கல்லைப் பார்த்துச் செய்யப்பட்டவை எனக் கொள்வது பொருந்தும்.

பளிங்குக்கு நிறமேற்றிப் பச்சைக்கல் முதலிய மணிகளைப் போலச் செய்யும் முறையை இந்தியர் கண்டறிந்திருந்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி தம் 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆம் பகுதியில் குறிப்பிடுகிறார். அவர் சுட்டுவது கண்ணாடியன்று, பளிங்கு. எனினும், போலச் செய்தல் தனியொரு திறனாக அறியப்பட்டிருந்தமையை இக்குறிப்பு உணர்த்துகிறது.

உலையில் பிறந்த மணிகள்

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலரும், பின்னர் கசால், விமலா பெக்லி ஆகியோரும் அகழாய்வு நிகழ்த்தினர். அங்குக் கண்ணாடி மணிகளோடு அவற்றை உருவாக்கிய குழல்களும் கழிவுகளும் கிடைத்தமையால், அது மணி உற்பத்தி மையம் என்பது உறுதியாயிற்று. இவ்வகைச் சிறு மணிகளுக்குப் பீட்டர் பிரான்சிஸ் 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டார்.

இவற்றின் செய்முறையை ஆந்திரப் பிரதேசத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை தொடர்ந்த தொழிலின் துணைகொண்டு அறியலாம். உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளை அமைத்து, அதனை நீண்ட மெல்லிய குழலாக இழுப்பர். குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி விளிம்புகளை மழுங்கச் செய்வர். கல்மணிக்குத் துளையிடுதல் தனித்தனியே செய்யவேண்டிய கடும் பணி. இங்கோ துளை முதலிலேயே அமைந்துவிடுகிறது. மணியின் சிறுமையும் ஒரே சீரான உருவமும் இம்முறையின் விளைவுகள்.

நிறமும் இதனையே காட்டுகிறது. சூதுபவளம் ஒளி ஊடுருவும் செம்மை உடையது. இந்தோ-பசிபிக் செம்மணியோ செங்கல் நிறத்தது, ஒளிபுகாதது. உயிர்வளி குறைந்த உலைச்சூழலில் செம்பு தரும் நிறம் அது. செம்மணி பவளத்தை நினைவூட்டக்கூடும் என வாதிடலாம். ஆயினும், அதே முறையில் மஞ்சள், கறுப்பு, நீலம் எனப் பல நிற மணிகளும் செய்யப்பட்டமையால், ஒற்றைக் கல்லை முன்மாதிரியாகக் காட்டுதல் அரிது.

பெயரும் மதிப்பும்

இந்தோனேசியாவில், குறிப்பாகத் திமோரில், இத்தகைய செம்மணிகள் 'முத்திசாலா' எனப்படும். 'பொய்முத்து' என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். பெயர் போலியெனச் சுட்டினும், அங்கு அவை குடும்பச் சொத்தாகப் பேணப்பட்டு, மணக்கொடையிலும் இடம்பெற்றன. கல்லின் விலையைக் கொண்டு கண்ணாடியின் மதிப்பை அளத்தல் பொருந்தாது என்பதற்கு இது தக்க சான்று.

முடிவுரை

கல்லின் வடிவமும் நிறமும் கண்ணாடிக் கைவினைஞருக்கு ஒரு தூண்டுதல். உலையும் இழுகுழலும் மற்றொரு தூண்டுதல். அகழாய்வு அறிக்கைகளில் கண்ணாடி மணிகளைக் கல்மணிகளின் பின்னிணைப்பாகப் பட்டியலிடாமல், செய்முறை அடிப்படையில் தனியே வகைப்படுத்தினால், அக்கைவினைஞரின் படைப்புத்திறன் வரலாற்றில் உரிய இடம் பெறும்.